கொடியும் கழுத்தும்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் பணி அனுபவங்களை எழுதித் தருமாறு மூன்றாவது முறையாகவும் கேட்டுவிட்டார்கள். மெல்பேண் வைத்தியசாலைகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் சுவையாக ஏதேனும் எழுதுவாள் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. சென்ற இரண்டு முறையும் முழங்கால் நோவைக் காரணம் காட்டித் தப்பினேன். பணியிலிருந்து விலகியபோதும் அதே முழங்காலையே காரணமாகச் சொன்னேன். அது உண்மையன்று. முழங்காலில் நோவு உண்டு. அதற்காக நான் விலகவில்லை.

நோயாளி எவரையும் அடையாளம் காட்டக்கூடாது என்பது இப்பணியின் முதல் விதி. ஆகவே இதில் பெயர்கள் இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு மறந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஊரில் நான் பெண்கள் கல்லூரியொன்றில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் கற்பித்தவள். என்னிடம் படித்தவர்களுள் மருத்துவர்கள் பலர். இந்த நாட்டுக்கு வந்தபோது என் ஆசிரியத் தகுதி இங்கே செல்லாது என்றார்கள். வீட்டில் குந்தியிருக்க விருப்பமில்லாமல் பரீட்சை எழுதி மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் பெற்றேன். அதைச் சட்டமிட்டு, வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டினேன். இங்குள்ள தமிழர்களுக்கு நான் முன்போலவே ‘ரீச்சர்’ ஆனேன். விழாக்களில் முன்வரிசையில் எனக்கென ஒரு கதிரை இருக்கும். என் தமிழைப் பற்றி மேடையில் இரண்டு வார்த்தை சொல்லாமல் எந்தத் தலைவரும் உரையை முடித்ததில்லை.

தமிழில் சொல் உள்ள எதற்கும் ஆங்கிலச் சொல்லை நான் எடுப்பதில்லை. இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் ‘பிளட் பிரஷர்’, ‘பிளசென்ரா’ என்று கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் குருதியமுக்கம் என்பேன், சூல்வித்தகம் என்பேன். எங்கள் பாடநூல்களில் இருந்த சொற்கள் அவை. ஒருமுறை இருதய நோயாளியான ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இஞ்சை வந்து இப்பிடி ஒரு தமிழ் கேப்பன் எண்டு நினைக்கேல்லைப் பிள்ளை” என்று கண்கலங்கினார். அன்று அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

எங்கள் தொழிலின் மற்ற விதிகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நோயாளி ‘எனக்கு நோகுது’ என்றால் நாங்களும் ஆங்கிலத்தில் ‘எனக்கு நோகிறது’ என்றே சொல்ல வேண்டும். ‘அவருக்கு நோகிறதாம்’ என்று விலகி நிற்கக்கூடாது. எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அறைக்கு வெளியே நோயாளியோடு நோயைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது. அவர் ஏதேனும் கேட்டால் மருத்துவரிடமே திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இவ்விதிகளைச் சொல்லிக்கொடுக்க என்னைத்தான் அழைப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, கர்ப்பிணிகளுக்கு ஸ்கான் செய்யும் பகுதிக்கு அழைப்பு வந்தது. ஐந்தாம் மாதத்து ஸ்கான். அந்தப் பெண்ணுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். வன்னிப் பக்கம் பிறந்தவள், மெல்பேண் புறநகரான டண்டினொங்கில் குடியிருந்தாள். கணவன் சிட்னிக்குச் சரக்கு லொறி ஓட்டுகிறவன். கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அன்று அவளைக் கூட்டி வந்தவன் அவளுடைய அண்ணன். பண்டகசாலையில் வேலை செய்பவன். வேலைச் சப்பாத்தோடே வந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து தன் கதிரையைத் தந்தான்.

“முதல் பிள்ளையா?” என்று கேட்டேன்.

“ஓம் ரீச்சர். அண்ணை பெட்டை எண்டுறார், என்ரை மனிசன் பெடியன் எண்டுறார். தோக்கிற ஆள் ஒரு மாசத்துக்குச் சமைக்கவேணும்.”

“தோத்தாலென்ன, வெண்டாலென்ன, நான்தானே சமைக்கிறனான்” என்றான் அண்ணன். “இவள் வைக்கிற குழம்பை மனிசர் தின்னேலாது ரீச்சர்.”

“அப்ப நேற்று ஏன் ரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனீங்கள்?”

“பசி.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஒன்றிரண்டு நல்வார்த்தைகள் சொன்னேன். “நீங்கள் கதைக்கிறது ரேடியோவிலை செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு ரீச்சர்” என்றாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பெயர் கூப்பிடும்வரை இருந்த அந்தச் சிறிது நேரத்தில் அவளே சொன்னாள்: தாயும் தகப்பனும் யுத்தத்தின் கடைசி மாதங்களில் இறந்துவிட்டார்கள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. காயப்பட்ட அவளைத் தோளில் சுமந்துகொண்டு அவன்தான் நீரேரியைக் கடந்தான். இதைச் சொல்லும்போது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்கான் அறைக்குள் அவன் வரவில்லை. ஸ்கான் செய்தவள் இளம்பெண், நல்ல சுபாவம். கை, கால், முதுகெலும்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினாள். திரையில் சிவப்பும் நீலமுமாகச் சில கோடுகள் தெரிந்தன. மீண்டும் மீண்டும் அதே இடத்துக்குப் போனாள். பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு மருத்துவரை அழைத்து வரப் போனாள்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியாலும் பார்த்தபின், நோயாளியை உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். அவர் சொன்னதன் பொருள் இதுதான். வழக்கமாகத் தொப்புள்கொடி நச்சுக்கொடியின் நடுவில் வேர்கொண்டிருக்கும். இந்தப் பிள்ளைக்குக் கொடி அங்கே சேராமல் பன்னீர்க்குடத்தின் மெல்லிய தோலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கிருந்து பிள்ளையின் இரத்தக் குழாய்கள், போர்வை எதுவும் இல்லாமல், கருப்பை வாசலுக்குக் குறுக்காக ஓடுகின்றன. குடம் உடைந்தால் அவையும் அறுந்துபோகலாம். அப்போது போகும் இரத்தம் தாயினுடையதன்று, பிள்ளையினுடையது. ஆகவே ஒரு துளி இரத்தம் கண்டாலும், நீர் போனாலும், யாருக்கும் காத்திராமல் அம்புலன்ஸை அழைக்க வேண்டும். முப்பதாம் வாரம் கழிந்ததும் இன்னொரு ஸ்கான். அதன்பின் வைத்தியசாலையிலேயே தங்க வேண்டும். வலி வருமுன் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்துவிடுவார்கள். “முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டோம், அதுதான் முக்கியம். கவனமாக இருந்தால் பிள்ளை நலமாகப் பிறக்க எல்லா வாய்ப்பும் உண்டு” என்று முடித்தார்.

நான் மொழிபெயர்த்தேன். என் வசனங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. “தொப்புட்கொடியானது சூல்வித்தகத்தில் இணையாது மென்சவ்வில் இணைந்துள்ளது. முதிர்மூலவுருவின் குருதிக்கலன்கள் பாதுகாப்பின்றிக் கருப்பைக் கழுத்தின் மேலாகச் செல்கின்றன. குருதிக்கசிவு ஏற்படின் தாமதமின்றி அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.” எந்தப் பரீட்சகர் முன்னும் இவற்றை வைக்கலாம். ஒரு பிழையும் காணமாட்டார்.

அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் “ஓம்” என்றாள். எங்கள் ஆட்களின் ‘ஓம்’ எல்லாம் ‘விளங்கியது’ என்ற ஓம் அல்ல. பெரியவர்கள் பேசும்போது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று காட்டுவதற்கும் ஓம் சொல்வோம். வகுப்பறையில் அத்தனை வருடம் நின்ற எனக்கு இது தெரியாததன்று. மருத்துவருக்கும் ஏதோ ஐயம் இருந்திருக்க வேண்டும். “அவருக்கு விளங்கியதை அவருடைய சொற்களிலேயே எனக்குச் சொல்லச் சொல்லுங்கள்” என்றார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. வளர்ந்த ஒரு பெண்ணைப் பாடம் ஒப்புவிக்கச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த காரணம் வேறு. அவள் தடுமாறினால் அது என் மொழிபெயர்ப்பின் தடுமாற்றமாகத் தெரியும். ஆகவே அவளைப் பார்த்து, “எல்லாம் விளங்கினதுதானே பிள்ளை?” என்று மட்டும் கேட்டேன். “ஓம்” என்றாள். விளங்கியதாக மருத்துவரிடம் சொன்னேன்.

வெளியே வந்தோம். அண்ணன் காரை எடுத்துவரப் போயிருந்தான். லிஃப்டின் முன் நின்றபோது அவள் என் சேலைத் தலைப்பை மெல்லத் தொட்டாள். முகம் வெளுத்திருந்தது.

“ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ? அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“என்ன பிள்ளை?”

“கொடி கழுத்தைச் சுத்தியிருக்கோ?”

இதன் பொருள் எங்கள் ஆட்களுக்கு உடனே தெரியும். பிறர் வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கொடி கழுத்தைச் சுற்றிப் பிறக்கும் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை எங்களிடையே உண்டு. மாமனின் உயிருக்கே கேடு என்பார்கள். மாமன் பிள்ளையை நேரே பார்க்குமுன் எண்ணெயில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பரிகாரமும் சொல்வார்கள். நான் பேசிய அத்தனை வசனங்களிலும் அவளுக்குத் தெரிந்த சொற்கள் இரண்டே இரண்டு: கொடி, கழுத்து. நான் சொன்னது கருப்பையின் கழுத்து. அவள் கேட்டது பிள்ளையின் கழுத்து. அந்த இரண்டையும் வைத்து, தனக்கென இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே அண்ணனுக்கு ஆபத்து என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

எனக்கு இது அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. மருத்துவரின் அறை பத்து அடி தூரத்தில் இருந்தது. திரும்ப அழைத்துச் சென்று, “இவருக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்” என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டால், சற்று முன் விளங்கியதாகச் சொன்னவள் நானே என்பதும் வெளிப்படும். அதற்கு மேல், ஒரு விலங்கியல் பட்டதாரியிடம் மாமனுக்கு ஆகாத கொடியைப் பற்றி ஒருத்தி கேட்கிறாள் என்ற எரிச்சலும் இருந்தது.

“கொடி சுத்தவும் இல்லை, ஒண்டும் இல்லை” என்றேன். “உதெல்லாம் மூடநம்பிக்கை. படிச்ச சனத்தோடை இருக்கிறீங்கள், உப்பிடிக் கேக்காதேங்கோ.”

“கொடியிலை ஒண்டும் இல்லைத்தானே ரீச்சர்? சத்தியமா?”

“நான் ஏன் பொய் சொல்லப்போறன்?”

அவள் முகத்தில் இரத்தம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கீழே காரை நிறுத்தி வைத்திருந்த அண்ணன், “என்னவாம்?” என்று கேட்டான். “ஒண்டுமில்லையாம் அண்ணை. பிறகொருக்கால் வரட்டாம்” என்றாள். இருவரும் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். நான் அடுத்த வேலைக்கு ரயிலேறினேன்.

நான்கு மாதங்கள் சென்றன. கைத்தொலைபேசியில் ஒரு வேலைக்கான அழைப்பு வந்தது. அதே வைத்தியசாலை. நோயாளியின் பெயரைக் கண்டதும் மகிழ்ச்சியே உண்டானது. பிறகுதான் பிரிவின் பெயரைப் பார்த்தேன். பிள்ளையை இழந்த பெற்றோரை மருத்துவர்கள் சந்தித்து நடந்ததை விளக்கும் பிரிவு அது. குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த வேலையை நான் மறுத்திருக்கலாம். வேறொருவரை அனுப்பியிருப்பார்கள். ஏற்றுக்கொண்டதற்கு இரக்கம் காரணமன்று. என் இடத்தில் வேறொரு தமிழர் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்கக்கூடாது என்றே ஏற்றேன். மெல்பேணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எல்லாரும் கோயிலிலும் கல்யாணங்களிலும் சந்தித்துக்கொள்கிறவர்கள்.

அன்றும் அவளோடு அண்ணன் வந்திருந்தான். கணவன் கீழே கார்த் தரிப்பிடத்தில் இருந்தான். “அவராலை உள்ளை வரேலாதாம் ரீச்சர். வந்து கார்க் கதவைத் திறந்தவர், திரும்பப் பூட்டிக்கொண்டு இருந்திட்டார்” என்றான் அண்ணன். அவள் மிகவும் மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழ முயன்றாள். நான் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன்.

அதே மருத்துவர்தான். “உங்கள் மகளைப் பற்றி” என்று தொடங்கினார். அண்ணன் சொன்னபடி பெண்பிள்ளைதான். முப்பதாம் வாரத்தில், அடுத்த ஸ்கானுக்கு நான்கு நாள் இருந்தபோது இது நடந்திருக்கிறது. காலையில் உடுப்பில் சிறிது இரத்தம் கண்டிருக்கிறாள். துணியைத் துவைத்துப் போட்டாள். சோறு வைத்தாள். மத்தியானம் நீர்க்குடம் உடைந்தது. நீர் முழுவதும் இரத்தமாக இருந்தது. அயல்வீட்டுப் பெண் அம்புலன்ஸை அழைத்தாள். வைத்தியசாலையை அடைந்தபோது பிள்ளையின் இருதயம் நின்றிருந்தது.

“அந்த வயதுப் பிள்ளையின் உடம்பில் உள்ள மொத்த இரத்தமும் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான்” என்றார் மருத்துவர். “அதனால்தான் இது இவ்வளவு விரைவாக நடந்துவிடுகிறது.”

அதை நான் தமிழில் சொன்னேன். இம்முறை பாடநூல் சொல் எதுவும் வாயில் வரவில்லை. “பிள்ளையின்ரை உடம்பிலை இருக்கிற ரத்தம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேத்தண்ணிக் கோப்பைதானாம்.” அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் குவித்து வைத்துக்கொண்டாள்.

மருத்துவர் மிக மென்மையாகக் கேட்டார். “காலையில் இரத்தத்தைக் கண்டதும் வந்திருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியிருப்போம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. காப்பாற்றியிருக்கலாம். ஏன் வரவில்லை என்று சொல்வீர்களா? உங்களைக் குற்றம் சொல்ல அல்ல. நாங்கள் விளக்கியதில் என்ன குறை என்று அறிய வேண்டும்.”

அதைத் தமிழில் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் மருத்துவரையே பார்த்துச் சொன்னாள்.

“ரீச்சர் சொன்னவா, கொடியிலை ஒண்டும் இல்லை எண்டு. அதாலை நான் யோசிக்கேல்லை.”

எங்கள் பேச்சில் ‘சொன்னவா’ என்றால் மதிப்புக்குரிய ஒரு பெண் சொன்னார் என்று பொருள். ‘சொன்னவை’ என்றால் அவர்கள் சொன்னார்கள் என்று பொருள். நடுவில் இருப்பது ஓர் எழுத்து. ரீச்சரை விட்டுவிட்டு அந்த ஓர் எழுத்தை மாற்றினால் போதும். நான் ஆங்கிலத்தில், “கொடியில் ஒன்றும் இல்லை என்று அவர்கள் என்னிடம் சொன்னார்கள், அதனால் நான் யோசிக்கவில்லை” என்றேன். என் குரல் நடுங்கவில்லை.

மருத்துவர் புருவத்தைச் சுருக்கினார். “யார் சொன்னது? எங்கள் ஆட்களா? அன்று ஸ்கான் செய்தவரா?” என்று கேட்டுக்கொண்டே தாளில் எதையோ குறித்தார். அந்த நல்ல சுபாவமுள்ள இளம்பெண்ணின் முகம் எனக்கு நினைவு வந்தது. ‘ஆர் சொன்னது?’ என்ற அந்தக் கேள்வியை நான் தமிழாக்கவில்லை.

அண்ணன் கதிரையில் முன்னால் நகர்ந்தான்.

“ரீச்சர், தங்கச்சி ‘சொன்னவா’ எண்டெல்லோ சொன்னவள். நீங்கள் இங்கிலீசிலை ‘தே’, அவை எண்டியள். எனக்கு அவ்வளவு இங்கிலீஸ் தெரியும். பண்டகசாலையிலை பத்து வருசம் நிண்டிட்டன்.”

குரலை அவன் உயர்த்தவே இல்லை.

“விடுங்கோ அண்ணை” என்றாள் அவள். “வயசான ஆள்.”

அன்றுவரை எவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. என் தமிழுக்காக என்னை மன்னித்தவர் எவரும் இல்லை. மன்னிக்க வேண்டிய தேவை எவருக்கும் வந்ததில்லை என்று நினைத்திருந்தேன். மருத்துவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன பேசிக்கொள்கிறார்கள்?” என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். அண்ணன் சொன்னதை, ஒரு சொல்லும் குறைக்காமல். ‘வயசான ஆள்’ என்பதையும். பிறகு, பிழை விட்ட மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்துவதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. அதன்படி, “மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்” என்றேன். ‘அவர்கள்’ அல்ல, நான். ஸ்கான் செய்தவர் எதுவும் சொல்லவில்லை. வெளியே, லிஃப்டின் முன்னால், விதிக்கு மாறாக நான் பேசினேன். அவருக்கு விளங்கவில்லை என்று தெரிந்தும் உங்களிடம் திருப்பி அழைத்து வரவில்லை.

மருத்துவர் பேனையைக் கீழே வைத்தார். கோபம் காட்டவில்லை. “அவர் உங்களிடம் என்ன கேட்டார்?” என்றார்.

கொடி, கழுத்து, தாய்மாமன் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்க வேண்டியதாயிற்று. நோயாளிக்கு விளங்காமல் எதுவும் பேசக்கூடாது என்பதும் விதி. ஆகவே ஒவ்வொன்றையும் தமிழிலும் சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அண்ணனுக்கு இது தெரியாது என்று. அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டிருந்தாள். அதையும் நான் காக்கவில்லை.

அவன் தங்கையின் பக்கம் திரும்பினான்.

“எனக்காகவோ கேட்டனி?”

“வேறை ஆருக்காக?”

“விசரி” என்றான். “எனக்கென்ன வரப்போகுது? விசரி.” எழுந்து போய்ச் சன்னலைப் பார்த்து நின்றான். அவனுடைய முதுகு குலுங்கியது. அவள் அழவில்லை. மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து, அவன் நின்ற பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

‘விசரி’ என்றால் பைத்தியக்காரி. அவன் சொன்ன விதத்தில் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் நான் நின்றது அந்த ஒரு சொல்லில்தான்.

பிறகு, அடுத்த முறை கருவுற்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, பெரும்பாலும் திரும்ப வராது, ஆனாலும் தொடக்கத்திலேயே கொடி எங்கே சேர்ந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்போம் என்றார் மருத்துவர். கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். இம்முறை என்னைப் பார்த்தே சொன்னாள்.

“ரீச்சர், கோவிக்காதேங்கோ. அடுத்த முறை வேறை ஆளை விடச் சொல்லுங்கோ. உங்களிலை கோவமில்லை. எனக்கு விளங்கிற மாதிரிக் கதைக்கிற ஆள் வேணும்.”

அதையும் மருத்துவரிடம் சொன்னேன். நான் மொழிபெயர்த்த கடைசி வசனம் அதுதான். மருத்துவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, நடந்ததை எழுதி, என்னை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். விசாரணை நடத்தினார்கள், எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார்கள், பயிற்சி எடுத்தபின் தொடரலாம் என்றார்கள். நான் தொடரவில்லை. சங்கத்தில் எனக்குப் பிரிவுபசார விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கலப்பில்லாத தமிழை வைத்தியசாலைகளுக்குள் கொண்டுசென்றவர் என்று ஒருவர் பேசினார். நான் எழுந்து, முழங்காலைப் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மண்டபம் கைதட்டியது.

சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் என் மகளுக்கு மட்டும், மலருக்கு இதையே எழுதப்போகிறேன் என்று, நடந்ததைச் சொன்னேன். அவள் மருந்தாளர். நான் சொல்லி முடிக்கும்வரை தொலைபேசியில் கேட்டாள். பிறகு, “இதை ஏனம்மா இப்ப எழுதப்போறீங்கள்? உங்கடை பேர் என்னாகும்?” என்று கேட்டாள். அந்தப் பெயரைக் காக்கத்தான் பத்து அடி நடக்காமல் நின்றேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால்தான் வரும் என்று தோன்றியது.

அந்தப் பெண்ணுக்கு அதன்பின் பிள்ளை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கேட்கும் உரிமை எனக்கில்லை. டண்டினொங் சந்தையில் முருங்கைக்காயும் கீரையும் நல்லதாகக் கிடைக்கும். நான் இப்போது அங்கே போவதில்லை. இரண்டு பஸ் மாறி வேறிடத்தில் வாங்குகிறேன். அங்கே தெருவில் எதிரே வந்தால் அவள் நின்று, “எப்படி ரீச்சர், சுகமோ?” என்று நிச்சயமாகக் கேட்பாள்.